முதலாம் நிரலில் நான்

கொழும்புத்துறை,
செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மார்கிரட் அக்காவுக்கு,

தம்பி லியோன் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் இரக்கத்தால் இங்கு எல்லோரும், என் முழங்கால் நீங்கலாக, சுகம். கனடாக் குளிரிலும் நீங்கள் குறையின்றி இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

இரண்டு கிழமையாக நான் உங்கள் போனுக்குப் பதில் சொல்லவில்லை. காணிப் பிரச்சினையில் தம்பிக்குக் கோபம் என்று என் மகள் ஜெசிந்தாவிடம் சொன்னீர்களாம். காணியுமில்லை, கோபமுமில்லை. காரணத்தைப் போனில் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். ஆறுதலாக வாசியுங்கள்.

ஜெசிந்தாவின் பிள்ளை ஜெனோவாவுக்கு ஓட்டிசம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு வயதாகிறது. தாயிடம் போவாள், தகப்பனிடம் போவாள், பக்கத்து வீட்டு ஆட்டிடம்கூடப் போவாள். என்னைக் கண்டால் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துவிடுவாள். ஒரு தரமாவது அவள் தானாக என்னிடம் வரவேண்டும் என்ற ஒரே ஆசையில்தான், அறுபத்தெட்டு வயதில், ஓட்டிசம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் படிப்பொன்றில் சேர்ந்து சனிக்கிழமை தோறும் யாழ்ப்பாணம் போகிறேன். வகுப்பில் மற்ற இருபத்திரண்டு பேரும் முன்பள்ளி ரீச்சர்மார். மீன் சந்தையில் முப்பத்தாறு வருடம் ஏலம் கூறியவன் நான் ஒருவன்தான். முதல் நாள் இடாப்பில் என் பெயரைக் கூப்பிட “ஓம்!” என்றேன். அடுத்த அறைத் தையல் வகுப்பிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து, “ஆருக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார்கள்.

படிப்பிக்கும் உதயகலா மிஸ் ஒரு தாள் தந்தார். மேலிருந்து கீழாகக் கோடிட்டு மூன்று நிரல். பிள்ளை காதைப் பொத்தும் ஒவ்வொரு தரமும், அதற்கு முன்பு நடந்ததை முதலாம் நிரலிலும், பிள்ளை செய்ததை இரண்டாவதிலும், பின்பு நடந்ததை மூன்றாவதிலும் எழுத வேண்டும். பத்து நாளில் காரணம் தானாகத் தெரியும் என்றார். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? முதல் நாளே குற்றவாளியைப் பிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு மயூரதனின் தண்ணீர் மோட்டர். வேலிக்கு மேலால் அவனைக் கூப்பிட்டு நிற்பாட்டச் சொன்னேன், பிள்ளை ஓடினாள், எழுதினேன், பாவம் அவன் இப்போது வாளியால் அள்ளுகிறான்; அதிலும் சரிவராமல், மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முடக்கிலிருந்து உருட்டிக்கொண்டு வா என்று மருமகனுக்குச் சொன்னேன், எழுதினேன்; பிறகு கிரைண்டரை நிற்பாட்ட, ஜெசிந்தா மூன்று நாள் அம்மியில் அரைத்து என்னோடு கதையாமல் விட்டாள்; கடைசியில் பங்குச் சுவாமியாரையே வீட்டுக்குக் கூப்பிட்டு, கோவில் மணியை மெல்ல அடிக்கலாமோ என்று கேட்டேன்.

“லியோன் அண்ணை, மணி அடிக்கேக்கை பிள்ளை படலையடியிலை நிண்டு ஆசையாயெல்லோ கேக்கிறாள்” என்றார் அவர். அப்போதும் பிள்ளை ஓடினாள். அதையும் எழுதினேன்.

சனிக்கிழமை தாளைக் கொடுத்தேன். மிஸ் வாசித்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வாசித்தார்.

“ஐயா, முதலாம் நிரலை மட்டும் ஒருக்கா வாசியுங்கோவன்.”

வாசித்தேன். நான் மயூரதனைக் கூப்பிட்டேன். நான் மருமகனுக்குச் சொன்னேன். நான் ஜெசிந்தாவை ஏசினேன். நான் சுவாமியாரோடு கதைத்தேன். நான் மார்கிரட் அக்காவோடு போனில் கதைத்தேன். பதினாலு வரி, பதினாலிலும் நான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அப்ப என்ரை குரல்தானே, மிஸ்?” என்றேன். அதையும் சத்தமாகத்தான் கேட்டேன் போல.

“குரலிலை பிழையில்லை, ஐயா. பிள்ளையின்ரை காதுக்கு அது கூடிப்போச்சு. கூப்பிடாமல் கொஞ்சநாள் பக்கத்திலை இருந்து பாருங்கோ.”

அக்கா, அந்தக் குரலால்தான் வீடு கட்டினேன், ஜெசிந்தாவுக்குக் கலியாணம் செய்து வைத்தேன். வள்ளத்தில் நிற்பவனுக்கும் கேட்கும் என்று எத்தனை பேர் புகழ்ந்தார்கள்! ஆறு வருடமாக ஆசையோடு கூப்பிட்டுக் கூப்பிட்டே அந்தப் பிள்ளையை நோகடித்திருக்கிறேன் என்று நினைக்க, பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. அழுகையும் சத்தமாக வந்ததால் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீற்றுக்குப் போனார்.

அன்று தொடக்கம் சுவாமியாரின் காதில் பாவசங்கீர்த்தனம் செய்பவன் மாதிரிக் கிசுகிசுக்கிறேன். கனடா தூரம் என்று நான் போனில் கத்துவது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே இனிப் போனே வேண்டாம். சாகுமட்டும் குரல் உயர்த்துவதில்லை என்று தீர்மானம் எடுத்துவிட்டேன். தபால் கந்தோரில் வெளிநாட்டு முத்திரை கேட்க, அங்கே வேலை செய்யும் பிள்ளைக்கே அது எந்த மேசை லாச்சியில் இருக்கிறதென்று தெரியவில்லை. பெருநாளுக்கு வரும்போது நீங்களும் வாசலில் நின்று கூப்பிடாமல் உள்ளே வாருங்கள். நம் குடும்பத்துக் குரல் உங்களுக்கும் உண்டு.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பை மெல்லிய குரலில் சொல்லவும். உங்கள் செபங்களில் எங்களுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
லியோன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டைக் காகம் தூக்க, தீர்மானமெல்லாம் மறந்து பழைய குரலில் ஒரு சத்தம் போட்டுவிட்டேன். காகம் கருவாட்டைப் போட்டுவிட்டுப் பறந்தது. நாலு முழம் தள்ளி மண்ணில் இருந்து விளையாடிய ஜெனோவா ஓடவில்லை. எழும்பி நேரே வந்து, இரண்டு கையாலும் என் வாயைப் பொத்தினாள். அவளாகக் கையை எடுக்குமட்டும் நான் மூச்சுக்கூட விடவில்லை. தானாக என்னைத் தொட்டது இதுதான் முதல் தரம், அக்கா. ஆகவே மேலே எழுதியதை விடுங்கள். இது கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுங்கள். மெல்லத்தான் கதைப்பேன். தப்பித்தவறிக் குரல் கூடினால், என் வாயைப் பொத்த இங்கே ஆள் இருக்கிறது.