நானூத்திப்பத்தின் ஒல்லித் துப்பாக்கி

1991ஆம் வருஷம் ஏப்ரல் 22, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. ஓர் இலை அசையவில்லை. வெயில் போலீஸ் ஸ்டேஷனுக்குள் வந்து பெஞ்சில் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில்தான் ஒருவர் தன் துப்பாக்கியை ஏட்டிடம் ஒப்படைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எங்கள் பக்கத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர்களிலேயே, அதனால் ஒரு காக்கைக்குக்கூடக் கெடுதல் செய்யாமல், மொத்தக் கெடுதலையும் தனக்கே செய்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

ஒரகடம் போகும் சாலையில் இருந்த ஸ்பிரிங் கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். அவர் கம்பெனியின் கன்மேன், ராணுவத்தில் இருந்து வந்தவர். நேரில் 'அவில்தார்' என்போம். முதுகுக்குப் பின்னால் 'நானூத்திப்பத்து.' அது அவருடைய துப்பாக்கியின் அளவு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கி பன்னிரண்டு போர். அதன் குழலில் என் கட்டைவிரல் நுழையும். இவருடையது நானூற்றுப்பத்து போர். அதில் சுண்டுவிரலே யோசித்துத்தான் நுழையும். பன்னிரண்டு என்பது, அந்தக் குழல் அளவுக்கு ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை உருண்டை வரும் என்ற கணக்கு. நானூற்றுப்பத்து என்பது அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் இத்தனை பங்கு என்ற கணக்கு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இதை எங்கள் பர்சனல் மேனேஜருக்கு யார் சொல்வது?

கன்மேன் வேலைக்கு ஆள் எடுத்த அன்று வந்தவர்கள் இரண்டு பேர். மேனேஜர் முதல் ஆளைப் பார்த்து, "உன் துப்பாக்கி எத்தனை?" என்றார்.

"பன்னெண்டு சார்."

"உங்களுது?"

"நானூத்திப்பத்து சார்."

மேனேஜர் மனசுக்குள் வகுத்துப் பார்த்தார். முப்பத்து நாலு மடங்கு. வேலை நம்மவருக்கு. பன்னிரண்டு போர்க்காரன் கேட் வரைக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மறுநாள் துப்பாக்கி உறையிலிருந்து வெளியே வந்ததும் பிரஸ் ஷாப்பே வாசலுக்கு வந்துவிட்டது.

"இன்னா அவில்தாரு, சைக்கிள் பம்பை எத்துகினு வந்துட்ட?"

"டேய், அது புல்லாங்குழல்டா. இன்னும் ஓட்டை போடல."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக உட்காரவைத்து விளக்கினார். லஞ்ச் டைம் முழுக்க விளக்கினார். "கைல புடிச்சுப் பாரு, வெயிட்டே கீதா? நாள் பூரா தோள்ல வெச்சுக்கோ, வலிக்காது. சுட்டா தோள்பட்டையை ஒதைக்காது. சத்தம் காதைக் கிழிக்காது. பன்னெண்டு போரு இன்னா பண்ணும்? ரவையை அள்ளி வீசும். எதுனா ஒண்ணு எதுலனா படும். அது சோம்பேறிக்கு. இதுல ரவை கம்மி. கண்ணு, மூச்சு, கை மூணும் ஒண்ணா இருந்தாத்தான் படும்."

"படலைன்னா?"

"படலைன்னா அது உன் தப்பு. துப்பாக்கி மேல பழி போட முடியாது. அதான் அதோட பெருமை."

ராணுவத்திலிருந்து வந்த பணத்தில் அதை மவுண்ட் ரோடு கடை ஒன்றில் வாங்கினாராம். பத்து வருஷமாக யாரும் வாங்காமல் தொங்கியதைக் கடைக்காரர் இவர் தலையில் கட்டிவிட்டார் என்பது எங்கள் கட்சி. பத்து வருஷமாக அது இவருக்காகக் காத்திருந்தது என்பது அவர் கட்சி.

அந்தப் பெருமையை ஓர் ஆயுத பூஜையன்று பார்த்தோம். ஸ்பேனர், சுத்தியல், பிரஸ் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. துப்பாக்கிக்கும் வைத்தார்கள்; குழல் வாயில் குங்குமம் போய்விடாமல் அவர் உள்ளங்கையால் பொத்திக்கொண்டே நின்றார். திருஷ்டிப் பூசணிக்காயை இந்தத் தடவை உடைக்க வேண்டாம், அவில்தார் சுடட்டும் என்று மேனேஜருக்கு யோசனை வந்தது. முப்பத்து நாலு மடங்கை அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

பூசணியைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்தார்கள். அவர் மண்டியிட்டார். கண், மூச்சு, கை மூன்றும் ஒன்றானது. 'டப்' என்றது. பூசணிக்காய் கற்பூரத்தோடு அப்படியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகூட நிமிரவில்லை.

"பூசணி ஜெயிச்சுடுச்சுடோய்!" என்று கத்தினார்கள்.

அவர் எழுந்து வந்து என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். "ஒரு சாண் வலப்பக்கம் போயிடுச்சு சாரே. பன்னெண்டு போரா இருந்தா தப்பு பண்ணாலும் பட்டிருக்கும். இதுல தப்பு பண்ணா தப்புதான்." சொல்லும்போது முகத்தில் வருத்தமே இல்லை. தன் பிள்ளையின் நேர்மையைப் பற்றிப் பேசுகிற அப்பாவைப் போல இருந்தார்.

இன்னொரு தடவை சுட்டுக் காட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டார். வீணாக்கத் தோட்டா கிடையாது. அந்த அளவுக்குத் தோட்டா தேடி அவர் மாதாமாதம் மெட்ராஸுக்கு பஸ் ஏறுவார். கடைக்காரர் மாதாமாதம், "அடுத்த மாசம் வரும்" என்பார். பன்னிரண்டு போர்த் தோட்டா பெட்டி பெட்டியாகக் கண்முன்னே அடுக்கியிருக்கும். கையில் மிச்சமிருந்ததை அரிசி போட்ட மாவு டப்பாவுக்குள் வைத்து, ஈரம் தாக்காமல் காத்துவந்தார்.

சம்பளம் அப்போது ரொக்கம். மாதம் ஏழாம் தேதி ஜீப்பில் ஸ்ரீபெரும்புதூர் பாங்குக்குப் போய் எடுத்துவருவோம். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நடுவில். அவர் பின்னால், மடியில் துப்பாக்கி. பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் எப்போதும் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். "பயப்படாத சாரே, நான் கீறேன்" என்பார். அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் பயம்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். வழக்கம்தான். வாக்குப்பதிவு முடிந்தால் திருப்பித் தருவார்கள். அந்த ஏப்ரல் திங்கட்கிழமை நாங்கள் போனது அதற்குத்தான். அவர் ஏட்டிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏட்டையா, இத்த அந்தத் தடியனுங்களோட சேத்து சாய்க்காதீங்க. தனியா நிக்கட்டும். தரை ஈரம் ஆவாது. நான் வந்து வந்து எண்ணெய் போட்டுட்டுப் போறேன்."

"யோவ், இது ஸ்டேஷனா, பிரசவ ஆஸ்பத்திரியா? கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு."

மே ஏழாம் தேதி சம்பள ஜீப். காலி உறைக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் சொருகிக்கொண்டு போகச் சொன்னார் மேனேஜர். "பொய்த் துப்பாக்கி புடிக்க நான் இன்னா கூத்துக்காரனா?" என்று மறுத்துவிட்டார். வெறுங்கையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, துப்பாக்கி இருக்கிற மாதிரியே உட்கார்ந்து வந்தார். அந்த ஒரு பயணத்தில் எனக்கு நரைத்த முடி இன்று வரை கறுக்கவில்லை.

அந்த மே மாதம் எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை நிறுத்தவே ஆள் பயந்தான். துப்பாக்கியைக் கேட்டு யார் போவார்? இவர் போனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், எண்ணெய்க் குப்பியும் பழைய பனியன் துணியுமாக.

முதலில் விரட்டினார்கள். பிறகு, மேலிடத்து உத்தரவு வரும்வரை திருப்பித் தர முடியாது என்றாலும், ஏட்டு மனம் இரங்கினார். கண் எதிரில் உட்கார்ந்து துடைத்துவிட்டுப் போகலாம் என்றார். அடுத்த வாரம், "அப்பிடியே அதுங்களையும் ஒரு கை பாத்துடு" என்று மற்றத் துப்பாக்கிகளையும் எடுத்துப்போட்டார். வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த பன்னிரண்டு போர்களுக்கெல்லாம் இவர் எண்ணெய் தேய்த்தார். "கழனித் தண்ணி விடற கொழாய் மாதிரி கீது சாரே ஒவ்வொண்ணும்" என்று என்னிடம் வந்து குமுறினார்.

அந்த ஏட்டு மாற்றலாகிப் போனார். புது ஏட்டு உள்ளேயே விடவில்லை. மழை ஆரம்பித்தது. அதற்குள் லைசென்ஸ் முடிந்துவிட்டது. புதுப்பிக்கப் போனோம்.

"ஆயுதத்தைக் கொண்டாந்து காட்டணும்" என்றார் லைசென்ஸ் செக்ஷன் குமாஸ்தா.

"ஸ்டேஷன்ல கீதுங்க."

"வாங்கிட்டு வாங்க."

ஸ்டேஷனுக்குப் போனோம்.

"லைசென்ஸ் எங்க?"

"முடிஞ்சுபோச்சுங்க. அத்தப் புதுப்பிக்கத்தான் துப்பாக்கி கேக்கறேன்."

"லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு நான் துப்பாக்கி குடுத்தா எனக்கு யார்யா வேலை குடுப்பான்? புதுப்பிச்சுகினு வா."

இப்படி அங்கேயும் இங்கேயுமாக நாலு தடவை. ஐந்தாவது தடவை பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார்.

கம்பெனி எத்தனை மாதம் பொறுக்கும்? துப்பாக்கி இல்லாத கன்மேனுக்கு எதற்குச் சம்பளம்? ரெட்டைக் குழல் பன்னிரண்டு போரோடு ஓர் இளைஞன் வந்து சேர்ந்தான். நம்மவருக்கு ஒரு தடியும் கேட் டியூட்டியும் பாதிச் சம்பளமும் கொடுத்தார்கள். பிரஸ் ஷாப் பையன்கள் கேலியை நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கடைசியில் குமாஸ்தாவே ஒரு வழி சொன்னார். லைசென்ஸ் காலாவதியான ஆள் தன் துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்றுவிடலாம். இல்லையென்றால் அது அரசாங்கத்துக்குப் போய்விடும், உருக்கிவிடுவார்கள். மவுண்ட் ரோடு கடைக்காரரிடம் ஓடினோம். "தோட்டாவே கிடைக்காத அளவு. தானமாகக் கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தெரிந்த பன்னிரண்டு போர்க்காரர்களும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் கேட்டில் அவர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றது, அதன் மேல் சாய்ந்து நிற்பது போல இருந்தது. ராணுவத்துக்காரர் சாய்ந்து நின்று நான் பார்த்ததில்லை. மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு, என் பெயரில் லைசென்ஸுக்கு மனுக் கொடுத்தேன். பிள்ளைப்பாக்கத்தில் எனக்கு அரை ஏக்கர் வேர்க்கடலை உண்டு. காரணம்: பயிர்ப் பாதுகாப்பு.

விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் என் மனைவியிடம், "அம்மா, உங்க வூட்டுக்காரர் கோவக்காரரா?" என்று கேட்டார்.

"அவரா? பல்லி கத்துனா சட்டையை மாத்தினு கோயிலுக்கு ஓடுவாரு. அவருக்குத் துப்பாக்கியா? ஏன் சார், யார் ஏமாத்துனாங்க உங்களை?"

போலீஸ்காரர் அதைக் கேட்டுவிட்டுத்தான் எனக்குச் சாதகமாக எழுதினார் என்று நினைக்கிறேன். லைசென்ஸ் பாரத்தில், உரிமையாளருக்காகத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொள்ளும் ஆளின் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. அதில் அவில்தார் பெயரை எழுதினேன்.

விலை பேசியபோதுதான் தகராறு வந்தது. நான் ஏதோ ஒரு தொகை சொன்னேன். அவர் நிமிர்ந்துவிட்டார். "இன்னா சாரே, பழைய இரும்பா கேக்கற? நான் வாங்குன வெலை குடு. ஒரு பைசா கொறைஞ்சா குடுக்க மாட்டேன். உருக்கட்டும்." கொடுத்தேன்.

1992 பிப்ரவரியில் துப்பாக்கி வெளியே வந்தது. ஸ்டேஷன் வாசலிலேயே மடக்கித் திறந்து, குழலைக் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"உள்ள கண்ணாடி மாதிரி இருக்கும் சாரே. இப்ப அம்மை போட்ட மாதிரி கீது."

தடித்த குழலாக இருந்தால் சுரண்டி எடுத்துச் சமாளித்திருக்கலாம், இந்த மெல்லிய குழல் இனிமேல் சுட்டால் வெடித்துவிடும் என்றார் பழுது பார்ப்பவர். அவில்தார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கன்மேன் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கேட்டிலேயே தடியோடு ரிட்டயர் ஆனார்.

துப்பாக்கி என் வீட்டுப் பீரோவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எண்ணெய்க் குப்பியோடு வருவார். சுட முடியாத துப்பாக்கியைப் பிரித்து, துடைத்து, மாட்டி, கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல சாரே, கொஞ்சம் தேறினு வருது" என்பார். தேறவில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் "ஆமாம்" என்பேன். இப்படிப் பதினோரு வருஷம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. நான் எண்ணெய் வாங்கிவந்து நானே துடைக்கக் கற்றுக்கொண்டேன்.

துப்பாக்கி விலை, லைசென்ஸ் கட்டணம், பஸ் சார்ஜ், பழுது பார்த்தவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியதற்கு வாங்கிய கூலி, எல்லாம் கூட்டி, அந்த ஞாயிற்றுக்கிழமைக் காப்பிகளை மட்டும் சேர்க்காமல், எனக்கு ஆன மொத்தச் செலவு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு ரூபாய், ஐம்பது பைசா.