அரைலைன் அண்ணாச்சி

விருதுநகர் மாவட்டத்தில் ஒருவனுக்கு ரத்தக் கொதிப்பு வந்தால் காரணம் இரண்டுதான். ஒன்று வெயில், மற்றது அரைலைன் அண்ணாச்சி. எனக்கு வந்தது அண்ணாச்சியால்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஹெட் ஆபீசில் நான் பில் கிளார்க். எங்கள் கம்ப்யூட்டர்களையும் நாரணாபுரம் பக்கத்து ஃபேக்டரி கம்ப்யூட்டர்களையும் டிஜிட்டல் டெலிபோன் லைனில் டயல் செய்து, ஒரே ஆபீஸ் போல இணைத்து வைத்தவர் அண்ணாச்சி. அந்த லைனில் இரண்டு பாதை. இரண்டையும் கம்ப்யூட்டருக்கே கொடுத்தால் வேகம் இரட்டிப்பு. ஆனால் ஃபேக்டரிக்கு யார் போன் போட்டாலும் எங்கேஜ். அண்ணாச்சி ஒன்றுக்கு மேல் கொடுக்கவே மாட்டார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஃபேக்டரிக்கு நான் அனுப்பும் லோடு லிஸ்ட் ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் லாரி டிரைவர் இரண்டு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். திட்டு எனக்கு. பொறுக்க முடியாமல் முதலாளியிடமே போனேன்.

"ஒண்ணு கம்ப்யூட்டருக்கு, ஒண்ணு மனுசனுக்கு, மொதலாளி," என்றார் அண்ணாச்சி.

"மனுசங்க என்னத்தப் பேசுறாக? பூரா மாமியா சண்டை," என்றேன். முதலாளி சிரித்தாரே தவிர தீர்ப்புச் சொல்லவில்லை.

தீபாவளி சீசன் உச்சத்தில் அண்ணாச்சி மொட்டை போட இருக்கன்குடி கோயிலுக்குப் போனார். இதுதான் சமயமென்று இரண்டு பாதையையும் சேர்த்துவிட்டேன். லிஸ்ட் பறந்தது. மத்தியானம் மொட்டைத் தலையில் சந்தனம்கூடக் காயாமல் வந்தவர், இணைப்புப் பெட்டியைப் பார்த்தார். அதை அணைத்து, மறுபடி ஒரே பாதையாக்கினார். பெரிய ஆர்டரின் லிஸ்ட் பாதியில் அறுந்தது.

"அறிவிருக்கா அண்ணாச்சி? அங்கன நாலு லாரி நிக்கி," என்று கத்தினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாரணாபுரம் திசை. எங்கள் ஊரில் அப்படி ஒரு சத்தம் என்றால் முதலில் நினைப்பது பட்டாசு விபத்தைத்தான். என் மனைவி எங்கள் ஃபேக்டரியில்தான் பேக்கிங் வேலை பார்த்தாள்.

போனை எடுத்தேன். நம்பர் தப்பிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி வாங்கி நம்பரைப் போட்டார். ஒரு பாதை காலியாக இருந்ததால் முதல் தடவையிலேயே மணி அடித்தது. அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"கல்குவாரில வேட்டு போட்டிருக்காக. நீங்க எதுக்கு இப்பிடி மூச்சு வாங்குறீக? சாப்பிட்டீகளா?"

நான் போனை வைத்ததும் அண்ணாச்சி சொன்னார்: "லிஸ்ட மறுபடி அனுப்புங்க. மெதுவாத்தான் போவும்."

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது, என் மேல். அவரிடம் நான் போட்ட சண்டையெல்லாம் தோற்ற சண்டை. நல்லவேளை, ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை.