பானெட்டைத் திறக்காத ஞானி

இன்ஜின் ஞானியின் வாசலில் வண்டிகள் தெருமுனை தாண்டி வரிசை கட்டி நின்றன. டர்போ மாட்டியது, சைலன்சர் மாற்றியது, டயரைப் பெருக்கியது என்று ஆசைக்கு ஆசை மாற்றிவிட்டு, பிறகு "இழுக்கவே மாட்டேங்குது" என்று ஒப்பாரி வைக்கிறவர்களின் வண்டிகள். ஞானி பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். இன்ஜின் தன் மனக்குறையை எல்லாம் அவரிடம் கொட்டிவிடுமாம். அப்புறம் பானெட்டின்மேல் தடவ ஒரு குப்பி அருள் எண்ணெய் தருவார். சும்மாவா? காசுக்குத்தான். ஒரே நிபந்தனை, பானெட்டைத் திறக்கக் கூடாது. திறந்தால் அருள் ஆவியாகிவிடும். எவ்வளவு வசதியான அருள்!

அந்த வரிசைக்கு வந்து போகும் தையல்காரர் ஒருவரும் குப்பி குப்பியாகத் தடவிப் பார்த்துவிட்டார். பானெட் முகம் பார்த்துத் தலை வாரும் அளவுக்குப் பளபளத்தது. இன்ஜினுக்குக் கூடுதல் காற்று ஊத டர்போ மாட்டிய அவர் வண்டியோ ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியதும் தொய்ந்துவிடும். மனைவிக்கு நிறைமாதம். வலி கண்டால் அந்த மேட்டைத்தான் ஏறியாக வேண்டும்.

"இன்னும் ஒரு குப்பி தடவினா சரியாயிடுமாம்," என்றார் மச்சினியிடம். பழைய கார்களை வாங்கிப் பிரித்துப் பூட்டுவதுதான் அவள் தொழில்.

"பாதி மேட்டுல வண்டி நின்னா, அக்காவைக் குப்பியா மாமா தூக்கிட்டுப் போகும்? முதல்ல என் வண்டியை அவர்கிட்ட காட்டுவோம். ஒரு கை தள்ளுங்க."

தள்ளினார். வண்டி பஞ்சுபோல நகர்ந்தது. முன்பக்கம் மட்டும் ஏனோ எம்பி நின்றது.

ஞானி உள்ளங்கையை வைத்தார். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டார்.

"மூக்கைத் தூக்கிட்டு நிக்குது பாருங்க. திமிர் பிடிச்ச இன்ஜின். ஆனா மூணாவது சிலிண்டர் மட்டும் அழுதுகிட்டே இருக்கு."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க," என்றாள் மச்சினி.

"தேம்பித் தேம்பி அழுதும்மா. பெரிய குப்பியாத்தான் வாங்கணும்."

அவள் பானெட்டைத் தூக்கினாள். உள்ளே தரை தெரிந்தது. இன்ஜினைக் கழற்றிக் கடைசல் பட்டறைக்கு அனுப்பியிருந்தாள். அந்தப் பாரம் இல்லாததால்தான் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது.

ஞானி உள்ளே எட்டிப் பார்த்தார். "பட்டறையில இருந்துதான் அழுதிருக்கு," என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வரிசையில் ஒவ்வொரு பானெட்டாகத் திறந்துகொண்டது. ஒரு பெரியவர் மட்டும் உருகிப்போனார். "இல்லாத இன்ஜின் அழறதே கேக்குதுன்னா, இருக்கிறது அழுதா எவ்வளவு தெளிவாக் கேக்கும்!" இரண்டு குப்பி வாங்கிக்கொண்டு போனார். என்ன செய்ய?

தையல்காரருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்ததும் மச்சினி அவர் வண்டியைத் திறந்து, டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் காற்றை ஏற்றி, மேலே சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள். மூட்டுவாயில் நுரை பொங்கியது.

"இன்ஜினுக்குப் போற காத்து இங்க ஓடிடுது. குழாயை இறுக்கிப் பிடிக்கிற பட்டி லூசு மாமா, அவ்வளவுதான்."

ஸ்குரூவை முறுக்கினாள். சாயங்காலம் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டில் ஏறினார். வண்டி முனகாமல் உச்சிக்குப் போய் நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க கடையில யாராவது கண்ணை மூடிக்கிட்டுத் துணி வெட்டினா விடுவீங்களா?" என்றாள் மனைவி.

பானெட்டைத் திறக்கவாவது உள்ளே ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள். மண்டைக்கு அது கிடையாது. அவரவரேதான் திறந்துகொள்ள வேண்டும்.