புற்றுநோயில் எந்த ஊர் முதலிடம்?

மனித குலத்தில் ஒப்பீட்டுக்காரர் என்றொரு இனம் உண்டு. மழை பெய்தால் இவர் குடை தேடமாட்டார். பக்கத்துத் தாலுகாவில் எவ்வளவு பெய்தது என்று தேடுவார். சாவு வீட்டுக்குப் போனால் மாலையைப் போட்டுவிட்டு, செத்தவரின் வயதையும் நோயையும் சொந்த ஊரையும் யாரிடமாவது பக்குவமாகக் கேட்டறிந்து, வெளியே வந்து செருப்பைத் தேடும்போதே, "வடக்கே இவ்வளவு கிடையாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். துக்கமா? அது மற்றவர்கள் பாடு.

பாளையங்கோட்டையில் இந்த இனத்தின் தலைசிறந்த உருப்படி பாக்கியசீலன். வட்டாட்சியர் அலுவலகத்தில் தாலுகாவாரியாக மழையளவு எழுதியே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் தாலுகாக்கள் இருந்தன. எழுத மழை இல்லை. அந்தச் சமயம் பார்த்து அவருடைய தேவாலயச் சபையில் ஒரே கோடையில் இரண்டு பெண்கள் புற்றுநோயில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். மனிதருக்குப் பிழைப்பு கிடைத்துவிட்டது.

அதுமுதல் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் காலைதோறும் அறிக்கை வெளியாகும். ராதாபுரம் பக்கம் பெண்கள் அதிகம் சாகிறார்கள், காரணம் உப்புத் தண்ணீர். சீவலப்பேரியில் குறைவு, காரணம் தாமிரபரணி. பத்து வருஷத்துக்கு முன்பு இப்படி, இப்போது இப்படி, இன்னும் பத்து வருஷத்தில் இப்படி. இதெல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்டுவிடாதீர்கள். கொஞ்சம் செல்போனில் வந்தது, கொஞ்சம் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்தது, மீதி அவர் மேலே தானாக வந்து இறங்கியது. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் நெல்லையப்பனோ, ஊர்க் கபடிக் குழு கோப்பையோடு திரும்பியதுபோல முகம் மலர்ந்து, அன்றைய டீ தன்னுடையது என்பார்.

ஒரே ஒரு சங்கடம். பெண்களின் நோயைப் பற்றி நாள் முழுக்கப் பேசும் பாக்கியசீலனுக்கு அந்த நோய் வரும் இடங்களின் பெயர் வாயில் வராது. கர்ப்பப்பை வாயும் மார்பகமும் அவர் அகராதியில் 'கீழ உள்ளது', 'மேல உள்ளது'.

"மேல உள்ளது வருசா வருசம் ஏறுது வே. கீழ உள்ளது இறங்குது" என்று ஒருநாள் அவர் முழங்க, பக்கத்து மேஜையிலிருந்த விவசாயி அணை நீர்மட்டம் என்றெண்ணி, கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்களா என்று கேட்டார். கடையில் ஒருவரும் திருத்தவில்லை. திருத்த வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமே?

இப்போது அவர் வீட்டுக்குள் போவோம். மனைவி கெசியா ராதாபுரத்துக்காரர். அதிர்ந்து பேசாதவர். கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி போல, வலியில்லாமல். அன்று மாலை கணவர் பக்கத்தில் வந்து நின்றார். கணவர் செல்போனில் மூழ்கியிருந்தார். கெசியாவுக்கும் அந்தச் சொல் வாயில் வராது. அதே சபை, அதே வளர்ப்பு. விரலால் தொட்டுக் காட்டி, "ஏங்க, இங்கன ஒரு கட்டி மாதிரி இருக்கு" என்றார்.

பாக்கியசீலன் தலை நிமிரவில்லை. அவர் காதில் விழுந்தது 'இங்கன' மட்டும்.

"இங்கன எல்லாம் கம்மிதான். உங்க ராதாபுரம் பக்கந்தான் கூட" என்றார்.

கெசியா கையை இறக்கிக்கொண்டார். பிறகு அடுக்களைக்குப் போய் உலையில் அரிசியைப் போட்டார். பட்டாணி நெல்லிக்காய் ஆகும்வரை மறுபடி வாய் திறக்கவில்லை. அந்த மாதங்களில் அவர் இரவில் தூங்கினாரா, என்ன ஜெபித்தார் என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் வரவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு ஜனாபா. மாடியில் துணி காயப்போடும்போது கெசியா இடது கையைத் தூக்கத் தயங்குவதைப் பார்த்தார். கேட்டார். சொன்னதும் ஒப்பாரி வைக்கவில்லை, ஊர் நிலவரமும் கேட்கவில்லை. "சேலையை மாத்திட்டு வாங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். முடிவு வந்த அன்று மருத்துவர் விஜயஸ்ரீ, அடுத்த முறை கணவரையும் அழைத்து வரச் சொன்னார்.

வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? பழக்கம் விடுமா? கூடத்தில் காத்திருந்த ஆண்களிடம் எந்த ஊர், எந்த ஊர் என்று வரிசையாக விசாரித்துக்கொண்டே போனார்.  மூன்றாவது ஆள் பதிலுக்கு, "நீங்க எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார். விசாரணை அத்தோடு முடிந்தது.

பதிவு செய்யும் நர்ஸ், எந்த இடத்தில் கட்டி என்று கேட்டார்.

"மேல" என்றார் பாக்கியசீலன்.

"மேல எலும்பு டாக்டர்லா இருக்காங்க. கட்டி எங்க இருக்குன்னு சொல்லுங்க சார்."

பின்னால் வரிசை நின்றது. பாக்கியசீலன் மனைவியைப் பார்த்தார். கெசியா தரையைப் பார்த்தார். கடைசியில், "மார்புல" என்றார் மனிதர். கூரை இடிந்து விழவில்லை. நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

உள்ளே மருத்துவர், எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டார். பத்து வருஷக் கணக்குச் சொல்லும் மனிதருக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை.

"கிறிஸ்மஸுக்கு முந்தியே இருக்கு டாக்டர்" என்றார் கெசியா. பிறகு கணவர் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "இங்கனன்னு தொட்டுக் காட்டுனேன். நீங்க ராதாபுரத்துக்குப் போயிட்டிய" என்றார்.

 கட்டி வளர்ந்திருந்தாலும் வேறெங்கும் பரவவில்லை என்றும், இந்த நிலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள் என்றும் மருத்துவர் சொன்னார். வேறு நாளாக இருந்தால் பாக்கியசீலன் நூற்றுக்கு எத்தனை, எந்தத் தாலுகாவில் எத்தனை என்று கேட்டிருப்பார்.

"அந்தப் பெரும்பாலோர்ல இவ இருப்பாளா?" என்று மட்டும் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது சார். இவங்களுக்கு வைத்தியம் பார்த்துதான் சொல்ல முடியும்."

பார்த்தார்கள். அறுவைச் சிகிச்சை நடந்தது, மருந்து ஏற்றினார்கள், கெசியாவின் தலைமுடி உதிர்ந்து, இப்போது பையப் பைய முளைக்கிறது. ஜனாபா கொண்டுவந்த கஞ்சியைக் குடித்துத்தான் அவர் உடம்பு தேறியது. கணவர் வைத்த கஞ்சியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஒருநாள் மாடிப்படியில் அவர் மனைவிக்குக் கை கொடுத்து நின்று, "அன்னைக்கு நிமிந்து பார்த்திருக்கணும்" என்று சொன்னாராம். "இப்பம் படியைப் பாருங்க" என்றாராம் கெசியா.

மனிதர் திருந்திவிட்டாரா? அந்த இனம் திருந்தாது. மறுபடி டீக்கடைக்கு வந்தார். ஊருக்கு ஊர் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு தொடங்கிவிட்டார். "நெல்லையப்பன், வீட்டுல மார்பு பரிசோதனை செஞ்சாச்சா? கர்ப்பப்பை வாய்?" என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும் குரலில் விசாரிக்கிறார். ஆண்கள் கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாக்கு வெந்தபடி ஓடுகிறார்கள். சீவலப்பேரி பஸ் இப்போதெல்லாம் நெல்லையப்பனுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஓர் ஒப்பீட்டுக்காரரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். இதை அவருக்கு அனுப்பி, "உங்களை மாதிரியே ஒருத்தர்" என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கை பரபரக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன சந்தேகம். கொஞ்ச நேரமாக யாரோ உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இல்லை?