இடப்புறக் கைப்பிடியால் அரசுக்கு நேர்ந்த ஆபத்து

அநீதி இழைக்கப்பட்டவர் ஜெனீன் ட்ரெலோர், வயது ஐம்பத்திரண்டு, தொழில் ஆடு வளர்ப்பு. இழைத்தது மாநில ஆயுதப் பதிவகம். இழைத்த விதம்: அவர் வாங்க நினைத்த துப்பாக்கியில் கைப்பிடி இடது பக்கம் இருந்தது, ஆகவே அதில் கைப்பிடியே இல்லை என்று அரசு முடிவு செய்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்களுக்குக் கோப்பு எண் தருகிறேன், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெனீனின் பண்ணை, அரசு மாநிலத்தின் குறுக்கே போட்ட நாய்வேலிக்கு உள்பக்கம் இருக்கிறது. வேலிக்கு வெளியே காட்டு நாய், உள்ளே ஆடு என்பது அரசாங்கத்தின் ஏற்பாடு. நாய்களுக்கு இதை யாரும் எழுத்து மூலம் தெரிவிக்கவில்லை. ஆகஸ்டில், இங்கே குளிர்காலக் கடைசியில், ஆடுகள் குட்டி போடத் தொடங்கியதும் அவை இரண்டிரண்டாக வரும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வேலிக் கம்பம் அடிக்கும் இயந்திரம் ஜெனீனின் வலது ஆள்காட்டி விரலை எடுத்துக்கொண்டது. அன்றுமுதல் இடது தோளில் வைத்து இடது விரலால் சுடுகிறார். முதல் நாய் தப்பியதில்லை. சிக்கலெல்லாம் இரண்டாவது நாயிடம்தான். அடுத்த தோட்டாவை ஏற்ற இழுக்க வேண்டிய போல்ட் கைப்பிடி பழைய துப்பாக்கியில் வலது பக்கம். ஒரு முறை சுட்டதும் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, இடது கையை அதன் மேலாக வளைத்து, கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மறுபடி தோளுக்கு ஏற்ற வேண்டும். அதற்குள் இரண்டாவது நாய் பக்கத்துப் பண்ணையில் காலை உணவை முடித்துவிட்டிருக்கும். இடதுகைக்காரர்களுக்கான ஆக்‌ஷன் வைத்துப் புதிதாக ஒரு துப்பாக்கி செய்துகொள்வது என்று ஜெனீன் தீர்மானித்தார். குட்டி போடும் பருவத்துக்கு ஏழு வாரம் இருந்தது. சட்டம் படிக்கிற நான் மூன்று வருஷமாகக் குளிர்காலத்தில் அவர் பண்ணையில்தான் வேலை செய்கிறேன். எனவே கூடப் போனேன்.

டாரல் ப்ரிம்மின் துப்பாக்கிப் பட்டறை டயர் கடைக்குப் பின்னால். சனிக்கிழமை காலைகளில் ஊர் ஆண்மக்கள் அங்கே திரள்வார்கள், தாங்கள் என்றோ செய்யப்போகும் துப்பாக்கிக்கு ஆக்‌ஷன் தேர்ந்தெடுக்க. ஆக்‌ஷன் என்பது துப்பாக்கியின் நடுவில் உட்காரும் உருக்குப் பெட்டி. அதற்குள் ஓடும் போல்ட் தோட்டாவைத் தள்ளிப் பூட்டும். வெடித்ததும் வெறுங்கூட்டை வெளியே வீசும். குழலும் கட்டையும் பிறகு வரும். பலருக்கு வருவதே இல்லை. பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார் கிளென் ஆட்லம் நான்கு வருஷமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் இரண்டு முறை மூக்குக் கண்ணாடி மாற்றிவிட்டார்.

"டைட்டானியம் பாருங்க ஜெனீன்," என்றார் கிளென். "எடை பாதிதான். போல்ட் மேல சுருள் சுருளா வரி வெட்டியிருக்கு. இந்த வருஷம் எல்லாரும் இதுதான்."

"வரி எதுக்கு?"

"தூசி அதுல ஒதுங்கிக்கும்."

"அப்ப அதை மொதல்ல பாத்துருவோம்," என்று ஜெனீன் வாசலுக்குப் போய் ஒரு கை செம்மண் அள்ளி வந்தார். டாரல் தடுப்பதற்குள் மேஜையில் வரிசையாக இருந்த ஆறு ஆக்‌ஷன்களிலும் பாயசத்துக்கு முந்திரி போடுவதுபோலத் தூவிவிட்டார்.

சாவு வீட்டில்போல யாரோ தொப்பியைக் கழற்றினார்.

"அம்மணி, அது கண்காட்சிக்கு வச்சது!" என்று டாரல் அலறினார்.

"என் வண்டியில இதைவிட ஜாஸ்தி மண்ணு இருக்கு, டாரல். நீ வேணா வந்து பாரு."

ஜெனீன் வேலைக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக இடது கையால் இழுத்தார். டைட்டானியம் நறநறவென்று பல்லைக் கடித்துப் பாதியில் நின்றது. மூன்று பூட்டுப் பற்கள் வைத்த அதிநவீனமானது திறந்தது, மூட மறுத்தது. கடைசியில் இருந்தது வெறும் சாம்பல் நிற உருக்கு, இரண்டே பற்கள், தோட்டாவின் அடியைக் கவ்விப் பிடிக்க விரல் தடிமனில் ஒரு கொக்கி. அது மண்ணை மென்றுகொண்டே போய்ப் பூட்டிக்கொண்டது.

"இதுதான்."

"சாம்பலா?" கிளெனின் குரல் உடைந்தது. "இந்த வருஷம் யாருமே சாம்பல் வாங்கறதில்லையே!"

"நாய் கிட்ட சொல்லிராதீங்க வாத்தியாரே. சிரிச்சுரும்."

ஆக்‌ஷனைத் தேர்ந்தெடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. நாட்டின் பாதுகாப்பு ஆட்டம் கண்டது அதற்கப்புறம்தான்.

சட்டப்படி ஆக்‌ஷன்தான் துப்பாக்கி. குழல் துப்பாக்கியல்ல, கட்டை துப்பாக்கியல்ல; சுடவே முடியாத அந்தப் பெட்டி மட்டும்தான் துப்பாக்கி. ஆகவே அதை வாங்க அனுமதிப் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தின் ஒன்பதாவது பத்தியில் 'போல்ட் கைப்பிடி' என்ற தலைப்பின் கீழ் இரண்டே கட்டங்கள்: 'வலப்புறம்', 'இல்லை'. ஜெனீன் நேர்மையானவர். வலப்புறம் இல்லை என்பதால் 'இல்லை' என்பதில் குறியிட்டார்.

பதிவகத்தின் தர்க்கத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை. கைப்பிடி இல்லை என்றால் கையால் இழுக்கத் தேவையில்லை. கையால் இழுக்கத் தேவையில்லை என்றால் தானாக இயங்குகிறது. தானாக இயங்குவது ராணுவ ஆயுதம். ராணுவ ஆயுதம் தடை செய்யப்பட்டது. பத்தாம் நாள் கான்ஸ்டபிள் ட்ரென்ட் மஸ்கிரேவ் பண்ணைக்கு வந்துவிட்டார்.

"உங்க வீட்ல ராணுவ ஆயுதம் ஏதாச்சும் இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்காங்க, ஜெனீன்," என்றார் தொப்பியைச் சுற்றிக்கொண்டே. சின்ன வயதில் இதே பண்ணையில் ஆட்டு ரோமம் பொறுக்கி மூட்டை கட்டியவர்.

"தேடிப் பாரு ட்ரென்ட். டீயா, காப்பியா?"

"டீ போதும்."

ஒரு டீ, இரண்டு லாமிங்டன் கேக் அளவுக்குச் சோதனை நடந்தது. 'ராணுவ ஆயுதம் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். பதிவகத்தில் அதைப் படித்தவர் ஓரத்தில் சிவப்பு மையில் 'மறைத்திருக்கலாம்' என்று எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. போன் போட்டேன். பதிவகத்தில் நெவில் க்ராடக் என்ற அதிகாரி எடுத்தார். இதமான குரல். கோபப்பட வழியே விடாத குரல்.

"சார், கைப்பிடி இருக்கு. இடது பக்கம் இருக்கு. அவ்வளவுதான் விஷயம்."

"படிவத்துல இடதுன்னு ஒண்ணு இல்லையே மேடம்."

"படிவத்துல இல்லைன்னா உலகத்துலயே இல்லைன்னு ஆயிடுமா?"

"உலகம் வேற துறை மேடம்."

"உங்களுக்கு இடது கை இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா அதை வச்சு நான் எந்த விண்ணப்பமும் போடலையே." கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கு உதவி பண்ணணும்னுதான் பாக்கறேன். ஒண்ணு செய்யுங்க. துப்பாக்கிக்குப் பின்னாடி நிக்காதீங்க, முனைக்கு எதிர்ல நின்னு பாருங்க. இப்ப கைப்பிடி எந்தப் பக்கம் தெரியுது?"

கண்ணை மூடி, மனசுக்குள் எதிரே நின்று பார்த்தேன். "வலது பக்கம்."

"பாத்தீங்களா! வலப்புறம்னு திருத்திக் குடுத்துருங்க. எங்க ஆய்வாளர் வந்து அதே இடத்துல நின்னு பாத்து கையெழுத்துப் போட்டார்னா முடிஞ்சுது."

"எப்ப வருவார்?"

"வர முடியாது மேடம். முனைக்கு எதிர்ல யாரும் நிக்கக் கூடாது. பாதுகாப்பு விதி மூணு."

"முனையே கிடையாது சார்! குழல் இன்னும் மாட்டலை. அது வெறும் பெட்டி!"

"சட்டப்படி அந்தப் பெட்டிதானே மேடம் துப்பாக்கி?"

அன்று உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். பதினான்கு பக்கம், இருபத்திரண்டு அடிக்குறிப்பு. சம உரிமை, இயற்கை நீதி, மனித உடலின் இருபக்க அமைப்பு எல்லாம் வரும்.

"இவ்வளவு எதுக்கும்மா?" என்றார் ஜெனீன், எடை பார்ப்பதுபோலக் கடிதத்தைக் கையில் தூக்கி. "கைப்பிடி இடது பக்கம், எனக்கு விரல் இல்லை. ரெண்டு வரி போதுமே."

"ரெண்டு வரி எழுதினா யாரும் மதிக்க மாட்டாங்க, ஜெனீன். அழுத்திச் சொன்னாத்தான் உறைக்கும்."

கையெழுத்துப் போட்டார்.

இதற்கிடையில் சாம்பல் நிற இடதுகை ஆக்‌ஷனை அரசாங்கமே தடை செய்துவிட்டது என்ற செய்தி பட்டறையை எட்டியது. அடுத்த சனிக்கிழமை அங்கே டயர் கடை வரை வரிசை. நான்கு வருஷம் தேர்ந்தெடுத்த கிளென் ஆட்லம் நான்கு நிமிஷத்தில் முடிவுக்கு வந்திருந்தார்.

"நீங்க வலது கைக்காரர்தானே?" என்று கேட்டேன்.

"கை என்னம்மா கை! பழக்கிக்கலாம். கவர்மெண்டே பயப்படுற ஆக்‌ஷன்! டைட்டானியத்தை யாராச்சும் பாத்துப் பயந்திருக்காங்களா சொல்லு?"

"நிறம் பரவால்லையா?"

"சாம்பல்னு சொல்லாத. இப்ப அதுக்குப் பேரு 'புயல்'."

முப்பத்தொரு பேர் படிவம் போட்டார்கள். முப்பத்தொரு பேரும் 'இல்லை' என்பதில் குறியிட்டார்கள். தொள்ளாயிரம் பேர் வாழும் ஊரில், ஜெனீனையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர் ராணுவ ஆயுதம் கேட்கிறார்கள் என்று பதிவகத்தின் கணிப்பொறி கத்தியது. குழு அமைத்தார்கள். குழு ஊருக்கு வந்து, கறி பஃப் தின்று, உண்மையைக் கண்டறிந்து, திரும்பிப் போய் ஒன்பதாவது பத்தியில் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தது: 'இடப்புறம்'. வலதுகைக்காரர்கள் முப்பத்தொரு பேரும் புதிய படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்று காரணம் காட்டி ஒன்பதே நாளில் அனுமதி பெற்றார்கள்.

ஜெனீனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவருடைய விண்ணப்பம் பழைய படிவத்தில் இருந்தது. அதன்மேல் என் பதினான்கு பக்கம் இருந்தது. முப்பத்தொரு பேருடையதும் வெறும் விண்ணப்பம், அவருடையது 'முறையீடு'. முறையீட்டில் உள்ள கோப்பைப் படிக்காமல் திருப்ப முடியாது. படித்து முடிக்கும்வரை அதே நபர் வேறு விண்ணப்பம் போடவும் முடியாது. படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் வந்தது. நாய்களும் வந்தன. முதல் வாரத்தில் பத்தொன்பது குட்டிகள் போயின. ஜெனீன் தாயாடுகளை எல்லாம் வீட்டை ஒட்டிய சின்னப் பட்டிக்கு ஓட்டி வந்தார். நாங்கள் முறைவைத்துக் காவல் இருந்தோம். அவர் பழைய துப்பாக்கியோடு. நான் ஒரு தகர டப்பாவும் கரண்டியுமாக. முதல் நாயை அவர் சுடுவார், இரண்டாவதை நான் டப்பாவைத் தட்டி விரட்டுவேன். அது மறுநாள் புதுத் துணையோடு வரும். கிளெனும் இன்னும் இரண்டு பேரும் உதவிக்கு வந்தார்கள், புத்தம் புது 'புயல்'களை வெல்வெட் பெட்டியில் வைத்துக்கொண்டு. ஒருவருக்கும் இன்னும் குழல் வரவில்லை.

செப்டம்பர் இரண்டாம் தேதி பதில் வந்தது. சமையலறையில் நின்று நான்தான் உரக்கப் படித்தேன்.

"'தங்கள் தரப்புக் கடிதம் ஆழ்ந்த கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. அதன் பதினோராம் பக்கத்தில், இந்நிலை நீடித்தால் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதிக்குள் இப்பண்ணையில் ஒரு குட்டிகூட உயிரோடு இராது எனத் தாங்கள் உறுதிபடத் தெரிவித்துள்ளீர்கள். இந்நிலை நீடித்தது என்பதைப் பதிவக ஆவணங்கள் மெய்ப்பிக்கின்றன. ஆகவே காக்கப்பட வேண்டிய குட்டிகள் எவையும் தற்போது இல்லாமையால், ஆயுதம் கோரியதற்கான காரணம் காலாவதியானதாகக் கருதி, விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. தங்கள் இழப்புக்குப் பதிவகம் வருந்துகிறது.'"

ஜெனீன் என்னைப் பார்த்தார். "அப்படியா எழுதினே?"

"அழுத்திச் சொன்னேன்."

அவர் கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு வாதாடியிருப்பேன்.

க்ராடக்குக்குப் போன் போட்டேன். "சார், குட்டிங்க இருக்கு! அறுநூத்து நாப்பது குட்டி உயிரோட இருக்கு! அந்தப் பதினோராம் பக்கம் சும்மா ஒரு வேகத்துல எழுதினது!"

"எழுத்துல இல்லைன்னு இருக்கே மேடம்."

"எழுத்தை விடுங்க, காதால கேளுங்க!" ஜன்னலைத் திறந்து போனைப் பட்டிப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். தாய்ப்பால் நேரம். அறுநூற்று நாற்பதும் ஒரே குரலில் கத்தின. ஒரு நிமிஷம் முழுக்க அப்படியே பிடித்திருந்து, பிறகு காதில் வைத்தேன். "கேட்டுதா சார்?"

"நல்லா கேட்டுது மேடம்," என்றார் க்ராடக், உண்மையான மகிழ்ச்சியோடு. "எல்லாம் தெம்பாத்தானே இருக்கு. அப்புறம் துப்பாக்கி எதுக்கு?"