டைட்டானியம் கண்ட மைத்துனன்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தானுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். நானும் உடம்பளவில் நலம். மானம்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

உங்கள் பெயிண்ட் கடையில் எனக்கு எப்போதும் இடமுண்டு என்பீர்களே, அந்த இடத்துக்கு வருகிறேன். நடந்தது இதுதான். ஒரு மோட்டார் கம்பெனி, தான் வாங்கிய காந்தங்களில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்க எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தது. நியோடிமியம் என்ற அரிய உலோகம் சேர்ந்த காந்தங்கள். எவ்வளவு சூட்டிலும் வலுக் குறையாது என்று சொல்லி விற்கப்பட்டவை. எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய இடத்தில் ஒரு கோடு காட்டும். இடுக்கியால் எடுத்தால் காந்தம் இடுக்கியை விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. கையுறையைத் தேடச் சோம்பல்பட்டு வெறும் விரலாலேயே எடுத்து வைத்தேன். திரையில், அந்தக் காந்தத்தில் இருக்கவே கூடாத டைட்டானியத்தின் கோடு! அதன்பின் மற்ற கோடுகளை யார் பார்த்தார்கள்? சூடு தாங்கும் ரகசியமே இதுதான் என்று கத்தினேன். "நிச்சயமா சொல்றீங்களா?" என்றார் ஆய்வகத் தலைவி. "என் தலைமேல சத்தியம், மேடம்." வழுக்கைத் தலையாயிற்றே என்று அவர் யோசித்திருக்க வேண்டாமா? நம்பிவிட்டார், கம்பெனிக்காரர்களை வரவழைத்துவிட்டார்.

புகைப்படம் எடுப்பார்கள் என்று, தினமும் தலைக்கு விரலால் தடவும் வெயில் கிரீமை அன்று தாராளமாக அப்பிக்கொண்டு போனேன். அன்றும் வெறும் விரலாலேயே காந்தத்தை எடுத்து வைத்தேன். கோடு முன்னைவிட உயரமாக எழுந்தது! எல்லோரும் கைதட்டினார்கள். தலைவி மட்டும் என் விரலையும் மண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். காந்தத்தை ஸ்பிரிட்டால் துடைத்துத் திரும்ப வைத்தார், கோட்டைக் காணோம். பிறகு பஞ்சால் என் மண்டையை ஒரு இழுப்பு இழுத்து, அந்தப் பஞ்சைக் கருவிக்குள் வைத்தார். கோடு கம்பீரமாக நின்றது, அத்தான்! கிரீமில் டைட்டானியம் உண்டென்று டப்பாவிலேயே போட்டிருக்கிறதாம். "அப்ப இவரு தலையத்தான் மோட்டாருக்குள்ள வைக்கணுமா?" என்றார் கம்பெனி அதிகாரி. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். கழிவறைக்குப் போய்த்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ராஜினாமா கொடுத்தாயிற்று. தம்பி விஞ்ஞானி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
சீக்கிரமே உங்கள் கடைச் சிப்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் தலைவி போன் செய்தார். சூடு தாங்குவதற்காக டிஸ்புரோசியம் என்ற இன்னும் விலை கூடிய உலோகத்தைச் சேர்த்திருப்பதாகச் சொல்லித்தான் அந்தக் காந்தங்களை மோட்டார் கம்பெனிக்கு விற்றிருக்கிறார்கள். துடைத்துப் பார்த்ததில் அதன் கோடே இல்லையாம்! சிரித்த அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாராம். "ராஜினாமாவக் கிழிச்சுப் போட்டாச்சு. மிச்சக் காந்தம் எல்லாத்தையும் நீங்கதான் பாக்கணும்," என்றார் தலைவி. நானா என்றேன். "பின்ன? இல்லாததக் கண்டுபிடிக்கறதுல உங்களவிட அனுபவசாலி இங்க யாரு இருக்கா?"