நீயே என் வாளி

காதலிப்பவன் செய்யக்கூடாத காரியங்களில் முதலாவது, பெண்ணின் அப்பாவை அசத்த நினைப்பது. சும்மா விழுந்தால் காயத்தோடு போய்விடும். மாமனாரை அசத்தப் போய் விழுந்தால் ஆயுளுக்கும் பட்டப்பெயர்.

கவிதாவின் அப்பா மதுரைக்காரர், நாங்கள் எல்லாரும் குடியேறிய இந்த வெள்ளைக்கார நகரத்தில் அவர் வீடு கெல்லிவில் பகுதியில். என்னிடம் அவர் கண்ட ஒரே குறை என் யாழ்ப்பாணத்து நாக்கு. “ழ-வை ள-ன்னு சொல்றீங்களே தம்பி” என்று பெண் கேட்ட அன்றே இழுத்தார். (மதுரையிலும் பழம் பளமாவதை என் காதால் கேட்டிருக்கிறேன். பெண் கேட்கப் போன இடத்தில் அதையெல்லாம் பேச முடியுமா?) “பார்ப்போம்” என்று அனுப்பிவிட்டார்.

அதே நகரத்தில் நாங்கள் இருக்கும் லிட்கம்மில், பக்கத்து வீட்டு மொய்ரா ஒரு ஸ்கொட்லாந்துப் பாடகி. இளம் வயதில் அவருடைய முதல் பாட்டு அந்த நாடு முழுக்க ஒலித்ததாம். இரண்டாவது இசைத்தட்டை அவருடைய அம்மா வாங்கினார். மூன்றாவதைக் கம்பனி வெளியிடவே இல்லை. இப்போது கடைசி முயற்சியாக ஒரு பாட்டு, அதில் அயலவர்களின் மொழிகளில் ஒவ்வொரு வரி. தமிழ் வரிக்கு என்னைக் கேட்டார்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்க வேறு ஆள் வேண்டாம். ழ வரும் வரியாகவே தேடி எழுதினேன்: ‘நீயே என் வழி, உன்னில் நான் நிறைவேன்.’ ஒரு வெள்ளைக்காரி வாயில் நான் ழ-வை வரவழைத்தால் கவிதாவின் அப்பா வேறென்ன சொல்ல முடியும்?

மொய்ராவின் காது அபாரமான காது, விழுந்தது விழுந்தபடி வாயால் வரும். ஆனால் ஒலிப்பதிவு அறையில், ‘வழி’ வரும் இடத்தில் மெட்டு நீண்டது. அவரும் நீட்டினார். வாளி.

“குறுக்கிப் பாடுங்கள், மொய்ரா.”

“மெட்டு நீளம். உன் சொல்தான் கட்டை” என்றார்.

சொல்லிக் காட்டினேன். வாளி. மேசையில் தட்டினேன். வாளி. வாயைத் திறந்து ழ இருக்கும் இடத்தைக் காட்டினேன். (அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.) பாவம், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் தொண்டைவரை எட்டிப் பார்த்தார். மறுபடியும் வாளி. தமிழைக் கொல்கிறாளே பாவி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலைக்குள் கேட்டுக் கேட்டுக் காது மரத்து, அது ‘வழி’ போலவே கேட்கத் தொடங்கிவிட்டது. இதுதான் சரி என்று நானே தலையாட்டினேன்.

பாட்டு வெளியானதும் கெல்லிவில்லுக்கு ஓடினேன். கவிதாவின் அப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

“மறுபடி போடுங்க.”

போட்டேன்.

“வாளியா தம்பி?”

“இல்லை அங்கிள், வளி.”

“என்னது?”

“வளி. நீயே என் வளி.”

அவர் கண்ணைத் திறந்தார். “ஸ்காட்லாந்து அம்மான்னு சொன்னீங்க. அச்சு அசலா யாழ்ப்பாணமால்ல பாடுறாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொய்ரா தமிழைக் கொல்லவில்லை. என் நாக்கைத்தான் ஒரு பிசிறில்லாமல் பதிவு செய்திருக்கிறார்.

கவிதாவின் அப்பா விடவில்லை. “நீயே என் வாளி, உன்னில் நான் நிறைவேன்… பொருளும் சரியாத்தான் இருக்கு” என்றவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அப்பா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல” என்றாள் கவிதா, அவளும் சிரித்தபடி. எனக்கு அழுகை வந்தது.

கவிதாவின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, பொண்ணைத் தர்றேன்” என்றார். “ழ வராட்டியும் வீட்டுல சிரிப்பு வரும்.”

பென்டில் ஹில் பக்கத்துத் தமிழ் மளிகைக் கடைகளில் இப்போதும் அந்தப் பாட்டு ஓடுகிறது. முதல் பாட்டுக்குப் பிறகு எதுவும் தராத புகழை வாளி தந்ததாக மொய்ரா சொல்கிறார், தமிழ்க் கல்யாணங்களுக்கெல்லாம் அவரைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் கல்யாணத்திலும் அவர்தான் பாடினார். மாமனார் சீர்வரிசையில் ஒரு எவர்சில்வர் வாளி வைத்தார், பெயர் வெட்டி.

கெல்லிவில்லில் நான் மணியடித்தால் மாமா கதவைத் திறந்து, உள்ளே திரும்பி அத்தையிடம் சொல்கிறார்: “வாளி வந்திருக்கு, காபி போடு.”

“வளி, மாமா” என்று நானும் விடாமல் திருத்துகிறேன்.